அயர்லாந்து மருமகனின் கடைசி ஆட்டம்

அயர்லாந்து அணிக்காகக் கிரிக்கெட் விளையாடிய ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார் என்று என் மாமா இப்போதும் கலியாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறார். பக்கத்துக் கதிரையில் யார் அகப்பட்டாலும் சரி, சோறு வந்து சேர்வதற்குள் கதை தொடங்கிவிடும். எந்த அணிக்கு எதிராக எத்தனை ஓட்டம் எடுத்தார், இடது கையால் எப்படி வெட்டி அடிப்பார், உலகக் கிண்ணத்துக்குப் போன அணியில் எப்படி இடம் பிடித்தார் என்று அடுக்கிக்கொண்டே போவார். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழும்பி வேறு மேசைக்குப் போய்விடுவேன். அந்த மனிதரை எங்கள் வீட்டுப் படி ஏற விடாதவரும் இதே மாமாதான் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பத்து வயது. நடந்ததை எல்லாம் கண் முன்னால் பார்த்தவள் நான்.

அந்த நாட்களில் நாங்கள் மெல்பேர்ணின் புறநகரான டண்டினொங்கில் இருந்தோம். அம்மா, அப்பா, நான், அம்மாவின் அப்பா. அம்மப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்று, பிள்ளைகளோடு இருக்கவென்று மெல்பேர்ண் வந்தவர். மாமா, அம்மாவின் அண்ணன். இரண்டு தெரு தள்ளி அவருக்குச் சொந்த வீடு இருந்தது என்றாலும் அதிகாரம் எல்லாம் எங்கள் வீட்டில்தான். அம்மாவுக்கு ஒரு தங்கையும் இருந்தார். அப்படி ஒருவர் இருக்கிறார் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

சித்தி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தார். விரல் முறிந்து வந்த ஓர் அயர்லாந்துக்காரருக்கு எக்ஸ்ரே எடுக்கப் போய், கடைசியில் அவரையே கலியாணம் செய்துகொண்டார். முதலில் எலும்பைத்தான் பார்த்தேன், முகத்தைப் பிறகுதான் பார்த்தேன் என்று சொல்லிச் சிரிப்பார். அம்மப்பாவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. பதிவுத் திருமணம் நடந்த கிழமையே, ஹோலில் மாட்டியிருந்த சித்தியின் பட்டமளிப்புப் படம் இறக்கப்பட்டது. இறக்கியவர் மாமா. அவளுடைய பெயரை இனி இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அம்மப்பா ஒருமுறைதான் சொன்னார். அதை ஆறு வருடம் காவல் காத்தவர் மாமா. அந்த வெள்ளைக்காரன் குடிகாரனாகத்தான் இருப்பான் என்பதும் மாமாவின் தீர்ப்பு. அயர்லாந்துக்காரன் என்றால் வேறென்ன என்பார். சித்தப்பா வாழ்நாளில் ஒரு சொட்டும் வாயில் வைத்ததில்லை. மாமா வைத்ததைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

அம்மா சனிக்கிழமைகளில் என்னை டண்டினொங் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவார். மரக்கறி வாங்குவது ஒரு சாட்டு. சந்தைக்குள்ளே சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பக்கம் சித்தியும் சித்தப்பாவும் காத்துக்கொண்டிருப்பார்கள். அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு கதைப்பார்கள், அழுவார்கள், பிறகு கத்தரிக்காய் விலை பற்றிச் சண்டை பிடிப்பார்கள். திரும்பும் வழியெல்லாம் அம்மா, "வீட்ட போய் ஒண்டும் சொல்லப்படாது, என்ன?" என்பார். பொய் சொல்லக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். பிடிபடாமல் எப்படிச் சொல்வது என்று வீட்டில் படித்தேன்.

சித்தப்பா எலக்ட்ரீசியன். தலை முன்பக்கம் வழுக்கை, மூக்கெல்லாம் வெயிலில் சிவந்திருக்கும், ஒரு முழங்கால் சரியாக மடங்காது. அவரைப் பார்த்தால் ஒரு நாட்டுக்கு விளையாடியவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சந்தையில் அம்மாவும் சித்தியும் தங்கள் கதையில் மூழ்கியிருக்க, நான் அவரைப் போட்டுக் குடைவேன். நான் கேட்பதற்கு அவர் ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்ல மாட்டார், பெரிய ஆளுக்குச் சொல்வது போலவே சொல்வார்.

அவருடைய ஊர் அயர்லாந்தின் வடமேற்கில் ஒரு சின்ன இடமாம். ஆற்றங்கரையில் மைதானம். ஆட்டத்துக்கு முன்னால் செம்மறியாடுகளைத் துரத்திவிட்டுத்தான் கோடு போடுவார்களாம். அவருடைய அப்பா பேக்கரிப் பாண் வண்டி ஓட்டியவர். கிரிக்கெட் என்பது இங்கிலாந்துக்காரனின் விளையாட்டு, அதை ஏன் நம்முடைய பெடியன் விளையாடுகிறான் என்று கோபித்துக்கொண்டு ஒரு பெரியப்பா சாகும்வரை அவரோடு கதைக்கவில்லையாம். அதைச் சொல்லும்போது சிரித்தார். நாட்டு அணிக்குத் தெரிவானால் சம்பளம் எல்லாம் கிடையாது. வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போக வேண்டும். அணியில் ஒருவர் தபால்காரர், ஒருவர் வாத்தியார், ஒருவர் வீடுகளுக்குக் கம்பளம் விரிப்பவர். யாருக்காவது காயம் என்றால் சித்தப்பாவுக்குப் போன் வரும். எப்போது வந்தாலும் போனாராம். தங்கச்சியின் கலியாணத்தன்று வந்தபோதும், தேவாலயத்தில் இருந்து நேரே கோட்டு சூட்டோடு பயணம் போனாராம். அப்படி லீவு எடுத்து எடுத்து ஒரு வேலையும் போனதாம்.

உலகக் கிண்ணத்துக்கும் போனார், உண்மைதான். மாமா கலியாண வீடுகளில் சொல்வதில் அது பொய் இல்லை. போய் ஒரேயொரு ஆட்டத்தில் விளையாடினார். மற்ற நாட்களில் மைதானத்துக்குத் தண்ணீர் போத்தல் தூக்கினார். பிறகு அந்த அணி வெல்லத் தொடங்கியது. சம்பளத்துக்கு விளையாடும் இளம் ஆட்கள் வந்தார்கள். உன்னுடைய காலம் முடிந்தது என்று சித்தப்பாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. போன் வருவது நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

"ரெண்டு வருசம் அந்தப் போனைப் பாத்துக்கொண்டு இருந்தவர்," என்றார் சித்தி, தன் கதையை நிறுத்திவிட்டு.

அதன்பிறகு இங்கே ஒரு புறநகர்க் கழகத்துக்கு விளையாட ஒரு கோடைகாலம் வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். அப்படியென்றால் நீங்கள் நன்றாக விளையாடுவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கூப்பிடுகிற அளவுக்கு நன்றாக விளையாடினேன், வைத்திருக்கிற அளவுக்கு இல்லை என்றார்.

இனி அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். அம்மப்பாவும் மாமாவும் யாழ்ப்பாணத்தில் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்களுக்கும், அதற்கு நேரெதிரான மற்றப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்களுக்கும் மெல்பேர்ணில் வருடத்துக்கு ஒருமுறை கிரிக்கெட் போட்டி நடக்கும். பாண்ட் வாத்தியம், மட்டன் ரோல்ஸ், கொத்து ரொட்டி, கொடி, எல்லாம் இருக்கும். ஐம்பது வயது ஆட்கள் கொலரை உயர்த்திவிட்டுக்கொண்டு பதினெட்டு வயதுப் பெடியள் போல நடப்பார்கள். காலப்போக்கில் முழங்கால்கள் கைவிட்டதால் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பழைய மாணவர்தான் விளையாட வேண்டும் என்றில்லை, பழைய மாணவரின் மகனோ மருமகனோ விளையாடலாம்.

இந்த மருமகன் விதிதான் எங்கள் ஆட்களுக்கு வினையாக முடிந்தது. மற்றப் பள்ளிக்கூடத்து அங்கிள் ஒருவரின் மகள், கோயம்புத்தூரில் இருந்து ஐ.டி. வேலைக்கு வந்த ஒருவரைக் கட்டினார். அந்த மனிதர் கல்லூரிக் காலத்தில் பெரிய ஆட்டக்காரராம். வந்த முதல் வருடமே எங்கள் பந்தையெல்லாம் மரங்களுக்கு அப்பால் அனுப்பினார். இரண்டாம் வருடமும் அதே கதை. மாமாதான் எங்கள் கப்டன். தோற்றுப்போய் வீட்டுக்கு வந்து, ஊரில் யாரோ செத்துப்போனது போல ஹோலில் இருப்பார். மூன்றாம் வருடம் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் அவருக்கு மூளை வேலை செய்தது. எங்களுக்கும் ஒரு மருமகன் இருக்கிறாரே!

அன்று பின்னேரம் மாமா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மப்பாவுக்கு முன்னால் இருந்தார். இணையத்தில் சித்தப்பாவின் ஆட்ட வரலாறு முழுக்கக் கிடந்தது. ஒவ்வொரு ஆட்டமாக வாசித்தார். ஆறு வருடமாக 'அவன்' என்றும் 'வெள்ளையன்' என்றும் இருந்தவர் அரை மணித்தியாலத்தில் 'அவர்' ஆனார். நான் தரையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டு இருந்தேன். குசினி வாசலில் அம்மா கரண்டியோடு அசையாமல் நின்றார். அம்மப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எல்லாம் வாசித்து முடிந்த பிறகு கண்ணைத் திறந்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஆள் இடக்கையோ, வலக்கையோ?"

தன்னுடைய மகளின் புருஷனைப் பற்றி ஆறு வருடத்தில் அம்மப்பா கேட்ட முதல் கேள்வி அதுதான். மகள் உயிரோடு இருக்கிறாளா, சாப்பிடுகிறாளா, எங்கே இருக்கிறாள், ஒன்றும் இல்லை. இடக்கையா, வலக்கையா. அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாமா குசினிக்குள் வந்து அம்மாவிடம் கையை நீட்டினார். "உன்னட்ட அவளின்ர நம்பர் இருக்கும். தா." அம்மாவின் முகம் வெளிறியது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறார் மனிதர். சித்தி போனை எடுத்ததும், நேற்றுத்தான் கதைத்தவர் போல மாமா சுகம் விசாரித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. அழுகிறார் என்று எனக்கும் அம்மாவுக்கும் விளங்கியது. கடைசியில் சித்தியின் குரல் கேட்டது.

"அப்பா கூப்பிட்டவரோ, அண்ணா?"

மாமா ஹோல் பக்கம் எட்டிப் பார்த்தார். அம்மப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம். அப்பாதான் கூப்பிடச் சொன்னவர்," என்றார் மாமா. முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

போட்டியன்று சித்தி நீலப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். கிரிக்கெட் பார்க்க யார் பட்டுச் சேலை கட்டுவார்கள்? ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் எங்கள் வீட்டுக்குத்தான் சாப்பிடப் போவது என்பது வழக்கம், சித்திக்கு அது தெரியும். கையில் ஒரு பெரிய டப்பா நிறையப் பயத்தம் பணியாரம். அம்மப்பாவுக்கு அது என்றால் உயிர். பாதியைச் சித்தப்பா உருட்டினாராம், அதனால்தான் ஒன்று தேங்காய் அளவிலும் ஒன்று கோலி அளவிலும் இருக்கிறது என்று என் காதுக்குள் சொல்லிச் சிரித்தார். அவ்வளவு அழகாக நான் சித்தியை அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மாமா கார் நிறுத்துமிடத்துக்கே ஓடி வந்தார். சித்தப்பாவின் முதுகில் தட்டினார். டப்பாவை வாங்கினார். பிறகு சித்தியை ஒரு பக்கம் கூப்பிட்டார்.

"அப்பாவுக்குப் பிரஷர் கூட. சனம் எல்லாம் பாக்குது. நீ கொஞ்சம் அங்கால இரு. மட்ச் முடியட்டும், நான் கதைக்கிறன்."

சித்தி காரின் பின்பக்கத்தில் இருந்து மடக்குக் கதிரை ஒன்றை எடுத்துக்கொண்டு, கயிற்றுக்கு வெளியே, கூடாரம் நன்றாகத் தெரியும் தூரத்தில் ஒரு மரத்தடியில் போட்டு இருந்தார். எங்கள் ஆட்களின் கூடாரத்தில் அம்மப்பா முன் வரிசையில் இருந்தார். இரண்டு பேருக்கும் இடையில் ஐம்பது அடி இருக்கும். டப்பா கூடாரத்தில் கைமாறிக்கொண்டிருந்தது. அம்மப்பா ஒரு பணியாரத்தைக் கடித்தார். கடித்ததும் நிறுத்தினார். யாருடைய கை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதை நான் பார்த்தேன். பிறகு அதைச் சாப்பிட்டு முடித்து, இன்னொன்றும் எடுத்தார். தின்ன மட்டும் தெரிந்தது.

நாணயச் சுழற்சிக்கு முன்னால் மற்ற அணியின் கப்டன் சித்தப்பாவைக் காட்டி, "இவர் ஆர் புதுசா? எங்கட ஆக்களுக்குள்ள வெள்ளைக்காரன் எங்கால வந்தவன்?" என்று சண்டைக்கு வந்தார். மாமா திரும்பி அம்மப்பாவைப் பார்த்தார். விதிப்படி பழைய மாணவர் ஒருவர் உரிமை கோர வேண்டும். அம்மப்பா எழும்பினார். வேட்டியைச் சரிசெய்தார். கச்சேரியில் கதைத்த அதே குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இவர் என்ர மருமகன்."

கோயம்புத்தூர்க்காரர்தான் முதலில் கை தட்டினார். "நானும் மருமகன்தானே அங்கிள், விடுங்க, விளையாடட்டும்," என்றார். எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள். நான் ஒரே ஓட்டமாகச் சித்தியிடம் ஓடினேன். அம்மப்பா சொல்லிவிட்டார், எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார் என்று மூச்சிரைக்கக் கத்தினேன். சித்தி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

இல்லை என்றேன். அதிலென்ன என்று எனக்குத் தோன்றியது. மருமகன் என்றால் அதற்குள் சித்தியும் வந்துவிடுவார்தானே என்று நினைத்தேன்.

அவர்கள் முதலில் துடுப்பெடுத்தாடினார்கள். கோயம்புத்தூர்க்காரர் வழக்கம்போல் அடித்து நொறுக்கினார். பிறகு எங்கள் முறை. சித்தப்பாவின் முழங்காலை நினைத்தும், துரும்புச்சீட்டைக் கடைசியில் போட வேண்டும் என்ற கெட்டித்தனத்திலும் மாமா அவரை ஆறாவதாக வைத்திருந்தார். எங்கள் ஆட்கள் வரிசையாகப் போய் வரிசையாக வந்தார்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றும் மேசையை விட்டு அசையவில்லை. ஒருமுறையாவது ஒரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அப்பா, இந்தக் கூத்தெல்லாம் தனக்கு வேண்டாம் என்று அன்றைக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்யப் போய்விட்டார்.

நான்காவது விக்கெட் விழுந்தபோது எங்கள் பக்கம் செத்த வீடாக இருந்தது. மாமா, "இனி எங்கட ஆள்!" என்று கத்தினார். பாண்ட் முழங்கியது. சித்தப்பா காலில் பாட் கட்டி, கையுறை போட்டு, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எழும்பவில்லை.

கேட்கவில்லையாக்கும் என்று மாமா தோளைத் தட்டினார். சித்தப்பா அவரைப் பார்க்கவில்லை, அம்மப்பாவைப் பார்த்தார். ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக, சத்தம் போடாமல் சொன்னார். உங்களுடைய மகள் அங்கே காலையில் இருந்து தனியாக இருக்கிறாள். பக்கத்தில் வந்து இருக்கச் சொல்லி நீங்கள் கூப்பிடுங்கள், நான் போகிறேன்.

கூடாரத்தில் எல்லோரும் அம்மப்பாவின் பக்கம் திரும்பினார்கள். பாண்ட்காரர்கள் மட்டும் விஷயம் விளங்காமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அணி கூப்பிட்டு அந்த மனிதர் போகாமல் இருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தங்கச்சியின் கலியாணத்தை விட்டுவிட்டு ஓடியவர், வேலையைத் தொலைத்தவர், தண்ணீர் தூக்கச் சொன்னபோது தண்ணீர் தூக்கியவர், டண்டினொங்கில் ஒரு பழைய மாணவர் போட்டியில் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன் என்று இருந்தார்.

புதிய ஆட்டக்காரர் மூன்று நிமிடத்துக்குள் உள்ளே போகாவிட்டால் ஆட்டமிழந்தவராகக் கணக்கு. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மற்ற அணியின் கப்டன் நடுவரைப் பார்த்தார். மாமா முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், பிறகு தமிழில் திட்டினார். அங்கிள்மார் அம்மப்பாவைச் சுற்றி நின்றார்கள். "கூப்பிட்டு விடுங்கோவன் அண்ணை, ஒரு சொல்லுத்தானே," என்றார் ஒருவர். ஒரு சொல்லுத்தானே! அந்த ஒரு சொல்லுக்காக ஆறு வருடம் காத்திருந்த ஒருத்தி எதிரே மரத்தடியில் எழும்பி நின்று, இங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அம்மப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். அவருடைய முகத்தையே பார்த்தேன். தாடை அசைந்தது. மைதானத்தைப் பார்த்தார், புள்ளிப் பலகையைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார். வலது கை கதிரைப் பிடியில் இருந்து மெல்ல எழும்பியது. விரல்கள் விரிந்தன. வாய் திறந்தது. இது நான் பின்னால் சேர்த்துச் சொல்வதல்ல. அவர் கூப்பிடப் போனார்.

அதற்குள் சித்தி வந்துவிட்டார். அந்தப் பட்டுச் சேலையோடு கயிற்றைத் தாண்டி, வேகமாக, ஏறக்குறைய ஓடி வந்தார். அம்மப்பாவின் பக்கம் திரும்பவேயில்லை. நேரே சித்தப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"யூ ஆர் நெக்ஸ்ட். கோ."

சித்தப்பா ஏதோ சொல்ல வாய் எடுத்தார். "கோ," என்றார் சித்தி மறுபடி. சித்தப்பா அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டு, மடங்காத காலை இழுத்துக்கொண்டு, ஓடினார். அம்மப்பாவின் கை மறுபடி கதிரைப் பிடிக்கு வந்தது. வாய் மூடிக்கொண்டது. சித்தி வந்த வழியே திரும்பிப் போய், கதிரையை மடக்கிக் காருக்குள் வைத்து, முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சித்தப்பா அன்று விளையாடிய மாதிரி அதற்குப் பிறகு நான் நேரில் யாரையும் பார்க்கவில்லை. ஓட முடியாததால் ஓடத் தேவையில்லாத இடங்களுக்கெல்லாம் அடித்தார். எங்கள் ஆட்கள் ஆடினார்கள், பாடினார்கள். "சித்தப்பா!" என்று நானும் கத்தினேன், வெளியில் சத்தமாக அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு நான்குக்கும் காரின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். காருக்குள் சித்தி நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஓவருக்கு முன்பே வென்றுவிட்டோம்.

மைதானத்துக்குள் எல்லோரும் பாய்ந்தார்கள். சித்தப்பா நடுவரிடமும் கோயம்புத்தூர்க்காரரிடமும் கை கொடுத்துவிட்டு, தூக்க வந்தவர்களை விலக்கிக்கொண்டு, கூடாரத்துக்கு வராமல் நேரே காருக்கு நடந்தார். கார் புறப்பட்டது. அப்போது மாமா கையை ஆட்டிக்கொண்டு காருக்குப் பின்னால் ஓடினார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மறித்துக் கூட்டிக்கொண்டு வரப் போகிறார் என்று நானும் பின்னால் ஓடினேன். கார் நின்றது. மாமா குனிந்து ஏதோ சொன்னார். சித்தப்பா இறங்கி, காலில் கட்டியிருந்த பாட்களைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். அவை மாமாவின் பாட்கள். கார் போய்விட்டது. மாமா அவற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிண்ணம் வாங்கத் திரும்பினார்.

சிறந்த ஆட்டக்காரருக்கான கேடயத்தையும் மாமாதான் வாங்கினார். அவசர வேலை காரணமாக எங்கள் மருமகன் புறப்பட வேண்டி வந்தது என்று ஒலிவாங்கியில் சொன்னார். அந்தக் கேடயம் எங்கள் ஹோல் அலுமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் ஏறியது. வருகிறவர்கள் கேட்டால் அம்மப்பா, "என்ர மருமகன் அடிச்சது. அயர்லாந்துக்கு விளையாடினவர்," என்பார். சாகும்வரை சொன்னார். மகள் இல்லாமல் ஒருவருக்கு எப்படி மருமகன் வருவார் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. சித்தியை அவர் பிறகு கூப்பிடவேயில்லை. அடுத்த வருடம் மாமா போன் எடுத்தபோது, முழங்கால் சரியில்லை என்று சித்தப்பா மரியாதையாகச் சொல்லிவிட்டார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அங்கே, டண்டினொங்கில் முடிந்தது. மாமாவின் இணையத்தில் அது இல்லை. அம்மப்பாவின் செத்த வீட்டில் சித்தி கடைசி வரிசையில் இருக்க, மாமா சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, வந்தவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

ஆனால் அந்த வயதில் எனக்குக் கோபம் மாமாவில் இல்லை, அம்மப்பாவிலும் இல்லை. சித்தியில்தான். இன்னும் ஒரு நிமிடம் அந்த மரத்தடியில் பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், நான்தானே அந்த வாய் திறந்ததைப் பார்த்தேன். சந்தைக்குப் போனால் சித்தியோடு முகம் கொடுத்துக் கதைக்க மாட்டேன். வருடக்கணக்கில் அந்தக் கோபம் எனக்குள் கிடந்தது. படித்து, வேலைக்குப் போன பிறகும் கிடந்தது.

போன மாதம் வெரிபீயில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு அதைக் கேட்டேவிட்டேன். கேட்டேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி. அம்மப்பா கூப்பிட வாய் திறந்தவர், ஒரு நிமிஷம் நிண்டிருந்தா கூப்பிட்டிருப்பார், நான் பாத்தனான் என்றேன். சித்தி கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"எனக்கும் தெரியும், பிள்ளை. அவர் கூப்பிடப் போறார் எண்டு கண்டுதான் நான் ஓடி வந்தனான்."

எனக்கு விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

"கூப்பிட்டிருந்தா நான் போய்ப் பக்கத்தில இருந்திருப்பன். மட்சுக்காகத்தான் கூப்பிடுறார் எண்டு தெரிஞ்சும் போயிருப்பன். அவ்வளவு ஆசை எனக்கு. பிறகு அப்பா கூப்பிட்டவர், அப்பா கூப்பிட்டவர் எண்டு அதையே சொல்லிக்கொண்டு சாகுமட்டும் திரிஞ்சிருப்பன்."

சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், கூப்பிட்டால் போதும் என்பதுதான்.